ரைஃபிள் ஸ்கோப் புருவத்தைக் கிழிப்பது ஏன்

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. கொலராடோவில் அலுவலக நண்பர்களுடன் எல்க் மான் வேட்டைக்குப் போவதற்கு முன்னால் பயிற்சிக்காகச் சுடுதளத்துக்குப் போயிருக்கிறீர்கள். நண்பர் ஒருவரின் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற சக்திவாய்ந்த தோட்டாவைச் சுடும் ரைஃபிளை மேசையில் வைத்துச் சுட்டபோது, மூன்றாவது தோட்டாவில் ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், பின்விளிம்பு வலது புருவத்தில் இடித்து, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிறை வடிவில் தோல் கிழிந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டு, இப்போதுதான் நீ வேட்டைக்காரன் ஆனாய் என்று சொல்லி, ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மேலிமை ஊதா நிறமாகி வீங்கியிருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகிய எனக்கு இது எப்படி நேர்ந்தது, கண்ணுக்கு ஆபத்து உண்டா, மறுபடியும் வருமா, அக்டோபரில் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்லன். மொன்டானாவில் ஒரு சுடுதளத்தில் வார இறுதிகளில் பாதுகாப்பு மேற்பார்வை பார்ப்பவன். வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில், ஆண்டு முழுவதும் அலமாரியில் கிடந்த துப்பாக்கிகள் வெளியே வரும்போது, இந்தக் காயத்தை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். என் வலது புருவத்திலும் ஒன்று இருக்கிறது. புருவ முடி அதை மறைத்துவிட்டதால் வெளியே சொல்லாமல் காலம் தள்ளுகிறேன்.

முதலில் கண்ணைப் பற்றி. இந்த இடி பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் அளவுகள்தான். வளர்ந்த ஒருவரின் கண்குழியின் வாய் சுமார் 40 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. வழக்கமான வேட்டை ஸ்கோப்பின் கண்பக்க வளையத்தின் வெளிவிட்டமும் ஏறக்குறைய 40 மில்லிமீட்டருக்கு மேல்தான் இருக்கும். ஆகவே வளையம் குழிக்குள் புகுந்து கண்விழியைத் தொடுவதற்கு முன், மேலே உள்ள புருவ எலும்பில் மோதி நின்றுவிடுகிறது. புருவத்துக்கு அடியில் உள்ள எலும்பு விளிம்பு கூர்மையானது. தோல் அதன்மேல் மெல்லிதாகப் போர்த்தியிருக்கிறது. வெளியிலிருந்து வளையமும் உள்ளிருந்து எலும்பும் நசுக்க, நடுவில் அகப்பட்ட தோல் பிளந்துவிடுகிறது. குத்துச்சண்டை வீரர்களுக்குப் புருவம் அடிக்கடி கிழிவதும் இதே வழியில்தான்.

இமை ஊதாவாக மாறியதைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். நெற்றித் தசைக்குப் புருவப் பகுதியில் எலும்போடு பிடிப்பு இல்லாததால், நெற்றியிலும் புருவத்திலும் கசிந்த இரத்தம் தடையில்லாமல் கீழே இறங்கித் தளர்வான இமைத்தோலுக்குள் தேங்குகிறது. அடிபட்ட அன்றைக்கு ஒன்றுமில்லாமல் இருந்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கண் கறுப்பது இதனால்தான். அந்த நிறம் பச்சையாகி மஞ்சளாகி ஓரிரு வாரங்களில் தானாக மறையும். நெற்றியில் புருவத்துக்கு மேலே கொஞ்சம் மரத்துப்போயிருந்தால் அதற்கும் விளக்கம் உண்டு: புருவ எலும்பின் உட்பாதியில் ஒரு சிறு பள்ளத்தின் வழியாக நெற்றிக்கான உணர்வு நரம்பு மேலே ஏறுகிறது; வளையம் விழுகிற இடமும் அதுதான். நரம்பு நசுங்கியதால் வந்த மரப்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளிகிறது.

ஆனால் கீழே சொல்பவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இதை இங்கே நிறுத்திவிட்டு இன்றைக்கே கண் மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போக வேண்டும். ஒரு கண்ணில் பார்வை மங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, மின்னல் வெட்டுவதைப் போன்ற ஒளி, திடீரெனத் தோன்றிய மிதக்கும் புள்ளிகள், கருவிழியின் கீழ்ப்பகுதியில் இரத்தம் மட்டமாகத் தேங்கி நிற்பது, இரண்டு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருப்பது, அடிபட்ட பிறகு தொடரும் தலைவலி, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் ஆகியவை அவை. புருவத்தில் விழும் பலத்த அடி, எலும்பு வழியாகக் கடத்தப்பட்டுப் பார்வை நரம்பையே பாதிப்பது அரிதாக நடக்கிறது. அப்போது வெளிக்காயம் சிறிதாகவும் பார்வை இழப்பு பெரிதாகவும் இருக்கும். எனவே காயத்தின் நீளத்தை வைத்து மட்டும் நிம்மதி அடையக் கூடாது. ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஏதேனும் ஒரு பக்கத்தை வாசித்துப் பார்ப்பது நீங்கள் இப்போதே செய்யக்கூடிய எளிய சோதனை. லேசிக் அறுவையோ கண்புரை அறுவையோ செய்துகொண்டவராக இருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அறுத்த இடம் மற்ற இடங்களைவிட எளிதில் விட்டுக்கொடுக்கும்.

காயத்தைப் பொறுத்தவரை, முகத்துக்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சிறு கிழிசல்கூட சட்டை நனையும் அளவுக்கு வடியும். சுத்தமான காஸ் துணியை வைத்துப் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பிறகு குடிநீரால் நன்றாகக் கழுவ வேண்டும். வாய் பிளந்து நிற்கும் காயத்துக்கு அன்றே தையல் போடுவது நல்லது. முகத்தில் ஒரு நாள் வரைக்கும் தாமதமானாலும் பல நேரங்களில் தைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு இரண்டு நாள் கடந்துவிட்டதால், இனிமேல் தைப்பதா, தானாக மூடவிடுவதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். யாராவது புருவத்தை மழித்துவிட்டு மருந்து போடலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். மழித்த புருவம் சரியாக முளைக்காமல் போவது உண்டு. தைப்பவருக்கும் இரண்டு ஓரங்களையும் வரிசை பிசகாமல் சேர்க்க அந்த முடிதான் அடையாளக் கோடு. ஊரில் நம் வீடுகளில் செய்வதைப் போலக் காப்பித்தூளையோ மஞ்சள்தூளையோ அப்புவதும் கூடாது. கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த வைத்தியம் வேறொரு வைத்தியத்தைக் கேட்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் சிறிய சுத்தமான காயத்துக்கும் ஒன்று போட்டுக்கொள்வதே இங்கே வழக்கம். மண், தூசு சேர்ந்த காயம் என்றால் அந்தக் கணக்கு ஐந்து ஆண்டுகள். இரண்டு நாளில் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ காத்திருக்க வேண்டாம். காயம் மூடிய பிறகு சில மாதங்களுக்கு அந்த இடத்தை வெயிலிலிருந்து காத்தால் தழும்பு கறுக்காது. கொலராடோவின் உயரத்தில் வெயில் கடுமையானது.

இனி ஏன் நடந்தது என்பதற்கு வருகிறேன். பின்னுதைப்பு ஏதோ ஒரு மாய விசை என்பதைப் போலச் சுடுதளங்களில் பேசுவார்கள். அது வெறும் கணக்கு. உங்கள் தோட்டாவின் குண்டு 180 கிரெயின், அதாவது 11.7 கிராம் என்று கொள்வோம். அது நொடிக்கு சுமார் 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. அதோடு சுமார் 4.6 கிராம் வெடிமருந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாக முன்னால் பாய்கிறது. இவை முன்னால் கொண்டுபோகும் உந்தத்துக்கு ஈடான உந்தத்தைத் துப்பாக்கி பின்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கோப்போடு சேர்த்து 3.8 கிலோ எடையுள்ள ரைஃபிளுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர் வேகம். அந்த ரைஃபிளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால் தரையைத் தொடும்போது அதற்கு இருக்கும் வேகம் இதுவே. அப்படி விழும் துப்பாக்கியின் ஓர் உலோக வளையத்துக்குக் கீழே உங்கள் புருவத்தைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றலாகச் சொன்னால் அது சுமார் 37 ஜூல். .243 வின்செஸ்டருக்கு இது 12 ஜூல் அளவில் இருக்கும்; .308 வின்செஸ்டருக்கு 23. 1906 முதல் அமெரிக்கர்கள் பயன்படுத்திவரும் .30-06 தோட்டாவுக்கு 27. நீங்கள் என்.சி.சி.யில் சுட்ட .22 தோட்டாவுக்கோ அரை ஜூல்கூடக் கிடையாது. துப்பாக்கியின் எடையைப் பொறுத்து இந்த எண்கள் கூடும் குறையும்; மலையேற வசதியாக எடையைக் குறைத்துச் செய்த ரைஃபிளில் அதே தோட்டாவைப் போட்டால் உதைப்பு இன்னும் மோசமாகும்.

வேகத்தைவிட நேரம்தான் இதில் கவனிக்க வேண்டியது. ஸ்கோப்பின் கண்ணாடிக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே 75 மில்லிமீட்டர் இருந்தது என்று வைத்துக்கொண்டால், தடையில்லாமல் வரும் துப்பாக்கி அந்தத் தூரத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது. கண் ஒருமுறை இமைக்க நொடியில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆகவே "உதைக்கும்போது தலையைப் பின்னால் இழுத்துக்கொள்" என்று யாராவது சொன்னால், மனித உடலால் செய்ய முடியாத ஒன்றைச் சொல்கிறார்கள். சுட்ட பிறகு செய்யக்கூடியது எதுவுமே இல்லை. காயம் படுமா படாதா என்பது சுடும் விசையை விரலால் அழுத்துவதற்கு முன்பே, எத்தனை விரற்கடை இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்பதிலும் துப்பாக்கியின் தோளில் பதியும் பின்பகுதியான கட்டையை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்பதிலும் தீர்மானமாகிவிடுகிறது.

கன்னத்தில் படாமல் புருவத்தில் ஏன் படுகிறது என்பதும் இதன் ஒரு கிளைக் கேள்வி. துப்பாக்கியின் உதைப்பு குழலின் கோட்டில் வருகிறது. அதைத் தடுக்கும் தோளோ அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. எனவே துப்பாக்கி பின்னால் வருவதோடு தோளை அச்சாகக் கொண்டு முனை மேலே எழும்புமாறு சுழலவும் செய்கிறது. அச்சுக்கு மேலேயும் முன்னேயும் உள்ள ஸ்கோப், அந்தச் சுழற்சியில் பின்னாலும் மேலேயும் நகர்கிறது. நேராகக் கண்ணை நோக்கி வர வேண்டிய வளையம் ஒரு விரல் உயர்ந்து புருவத்தில் இறங்குகிறது. கண்ணைப் பொறுத்தவரை இது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஸ்கோப்பில் முழுக் காட்சியும் கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரிய, கண் எவ்வளவு பின்னால் இருக்க வேண்டுமோ அந்த இடைவெளிக்கு ஐ ரிலீஃப் என்று பெயர். தமிழில் கண் இடைவெளி என்று சொல்லிக்கொள்வோம். இன்றைய வேட்டை ஸ்கோப்களில் அது பெரும்பாலும் மூன்றிலிருந்து நான்கு அங்குலம், அதாவது 75 முதல் 100 மில்லிமீட்டர். .22 துப்பாக்கிக்கு எது இருந்தாலும் போதும். .300 மேக்னத்துக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்த ஸ்கோப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு இருந்தால் நல்லது. உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப்களில், உருப்பெருக்கம் கூடக் கூட இந்த இடைவெளி குறைந்துகொண்டே வருவதும் உண்டு. சிலவற்றில் அரை அங்குலத்துக்கு மேலும் குறைகிறது. நூறு கெஜத்தில் காகித இலக்கைச் சுடுகிறவர்கள், துளை நன்றாகத் தெரியட்டும் என்று உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைப்பார்கள். நீங்களும் 9 மடங்கில் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் துப்பு அதுவே.

இரண்டாவது துப்பு, துப்பாக்கி உங்களுடையது அன்று என்பது. உங்கள் நண்பர் ஆறடி இரண்டங்குலம். நீங்கள் ஐந்தடி ஆறு. நீளமான கழுத்தும் கைகளும் கொண்ட ஒருவர் தம் தலை இயல்பாக வந்து நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஸ்கோப்பை நிறுத்தியிருப்பார். கடையில் வரும் ரைஃபிள்களில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் பெரும்பாலும் 34, 35 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அந்த அளவே குட்டையான கைகளுக்கு நீளமாகப்படும். அப்போது கட்டையைத் தோள்குழிக்குள் வைக்க முடியாமல் மேற்கையின் பக்கம் தள்ளி வைக்கிறோம், விசையை எட்டுவதற்காக உடலை முன்னால் நீட்டுகிறோம், கழுத்தும் கூடவே போகிறது. ஒருவருடைய செருப்பை இன்னொருவர் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம், காலைக் கடிப்பதோடு போய்விடும். ஸ்கோப் பொருத்திய மேக்னம் ரைஃபிளை அப்படி மாற்றிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, மேசை. நின்றுகொண்டு சுடும்போது உடல் நாணலைப் போலப் பின்னால் வளைந்து உதைப்பை வாங்கிக்கொள்கிறது. மேசையில் மார்பைச் சாய்த்து முன்னால் குனிந்து உட்காரும்போது அந்த வளைவு இல்லை. தலையும் இயல்பைவிட முன்னே போய்விடுகிறது. குப்புறப் படுத்துச் சுடுவதும் இப்படித்தான், அதில் தலை இன்னும் முன்னால் போகும். நின்ற நிலையில் சரியாக இருந்த ஸ்கோப், படுத்த நிலையில் புருவத்தை எட்டிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் கணிப்பில் உங்கள் காயத்துக்கு முதன்மையான காரணம் என்.சி.சி.யில் கிடைத்த பழக்கம். .22 ரைஃபிளில் ஸ்கோப் கிடையாது, இரும்புக் குறிமுனைதான். கண்ணை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் தண்டனை கிடையாது, பக்கத்தில் போனால் தெளிவு கூடுவதாகவும் தோன்றும். கட்டையைத் தோளில் இறுக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு சுட்டாலும் ஒன்றும் ஆகாது. தமிழ்நாட்டு ரைஃபிள் கிளப்புகளில் பழகியவர்களுக்கும் இது பொருந்தும். ஒலிம்பிக் வகை ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கிக் குறிகளுக்கு அனுமதி இல்லை, பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் உதைப்பும் இல்லை என்பதால், நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவர்கூட இந்த ஆபத்தை ஒருமுறையும் சந்திக்காமல் பல ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். அந்தக் கழுத்து இப்போது ஸ்கோப்புக்குப் பின்னால் வருகிறது. காட்சி சிறிய வட்டமாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் தெரிகிறது. கண் அதன் சரியான இடத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஸ்கோப்பைத் தன் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது புதியவருக்குத் தெரியாது. கழுத்தை முன்னால் நீட்டிப் பார்க்கிறார், வட்டம் நிறைகிறது, மகிழ்ச்சியோடு சுடுகிறார். சரியான கண் இடைவெளியில்தான் இருக்கிறார், ஆனால் நீட்டிய கழுத்தோடு, கன்னம் கட்டையில் ஊன்றாமல். துப்பாக்கி பின்னால் வரும்போது தலையைக் கூடவே எடுத்துச் செல்ல எதுவும் இல்லை.

இதுதான் பலருக்கும் புரியாத இடம். நன்றாகச் சுடுகிறவரின் ஸ்கோப்பும் பின்னால் வருகிறது, சில சென்டிமீட்டர் வருகிறது. கட்டை தோள்குழியில் இறுகி, கன்னம் கட்டையின்மேல் அழுந்தியிருப்பதால் தோள், தலை, துப்பாக்கி மூன்றும் ஒன்றாகப் பின்னால் போகின்றன. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி அதிகம் குறைவதில்லை. கட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், தோளைத் தொடுவதற்கு முன்பே துப்பாக்கி தன் முழு வேகத்தையும் எட்டியிருக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது துப்பாக்கி 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்ந்திருக்கும் என்பதை நினைவில் வைத்தால், ஒரு விரல் எவ்வளவு பெரிய இடைவெளி என்பது தெரியும்.

மூன்றாவது தோட்டாவில் நடந்ததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. முதல் இரண்டு உதைப்பில் தோள் வலித்திருக்கும். மூன்றாவதற்கு உடல் தானாகவே கட்டையைவிட்டுச் சற்று விலகியிருக்கும். வலிக்குப் பயந்து தளர்த்திய பிடி, வலியைத் தோளிலிருந்து புருவத்துக்கு மாற்றிவிட்டது.

உங்கள் நண்பர்கள் சிரித்ததைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே இந்தக் காயத்துக்குப் பல செல்லப்பெயர்கள் உண்டு: ஸ்கோப் கடி, மேக்னம் புருவம், வெதர்பி புருவம். கடைசிப் பெயர் 1945-இல் கலிஃபோர்னியாவில் ராய் வெதர்பி தொடங்கிய நிறுவனத்தின் அதிவேகத் தோட்டாக்களால் ஒட்டிக்கொண்டது. அது ஓரளவு அநியாயமும்கூட, ஏனென்றால் அந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற கட்டை வடிவத்தில் கன்னம் படும் மேல்விளிம்பு முன்பக்கம் தாழ்ந்து சரிகிறது, துப்பாக்கி பின்னால் வரும்போது அது கன்னத்தைவிட்டு விலகுவதற்காகவே அப்படிச் செய்தார்கள். பெயர்கள் இருக்கட்டும். புதிதாக வந்தவர் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, என்ன ஆகிறது என்று கைப்பேசியில் படம் எடுக்கக் காத்திருப்பது விளையாட்டு அன்று. எங்கள் தளத்தில் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டால் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு அவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

இந்தச் சிக்கல் புதியதும் அன்று. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் பொருத்திய வார்னர் அண்டு ஸ்வேஸி ஸ்கோப்புக்குக் கண் இடைவெளி ஒன்றரை அங்குலம் அளவில்தான் இருந்தது. அடியைத் தாங்க ரப்பர் கிண்ணம் ஒன்றை வைத்தார்கள். உதைப்பில் அது கண்ணைச் சுற்றிக் காற்றுப் புகாமல் கவ்விக்கொண்டது. பிற்காலத்தில் அமெரிக்க மரைன் படையினர் பயன்படுத்திய உனெர்ட்டல் ஸ்கோப்பில் வேறொரு வழி இருந்தது: ஸ்கோப்பை இறுக்கிக் கட்டாமல், அதன் தாங்கிகளில் வழுக்கும்படி விட்டுவிட்டார்கள். துப்பாக்கி பின்னால் போகும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் சுடுகிறவர் அதைக் கையால் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். அருமையான யோசனை, ஆனால் மழையிலும் சேற்றிலும் அதைப் பராமரிப்பது தனி வேலை. அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி நடத்திய ஜெஃப் கூப்பர் 1980-களில் பரப்பிய ஸ்கவுட் ரைஃபிளிலோ ஸ்கோப் குழலின்மேல் வெகுதூரம் முன்னால் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கும் அதற்கும் ஒன்பது பத்து அங்குலம். புருவம் பிழைத்துக்கொள்கிறது, காட்சிப் பரப்பு சுருங்குகிறது. கண் இடைவெளியைக் கூட்டினால் வேறொன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, என்ன செய்வது? துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேட்டையில் போடப்போகும் அதே தடித்த கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோட்டின் தடிப்பே கட்டையை ஒரு விரல் நீளமாக்கிவிடும். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். ஸ்கோப் வளையங்களின் திருகுகளைத் தளர்த்தி, ஸ்கோப்பை முடிந்தவரை முன்னால் தள்ளிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை இயல்பாகக் கட்டையில் வையுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் காட்சி சுருங்கித் தெரியும். இன்னொருவர் ஸ்கோப்பை மெல்லப் பின்னால் நகர்த்தட்டும். வட்டம் நிறைந்த அந்த நொடியில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் பின்னால் வர வேண்டாம். பிறகு உட்கார்ந்தும் படுத்தும் மேசையிலும் இதையே செய்து பார்த்து, எந்த நிலையில் கண் மிக அருகில் வருகிறதோ அதற்கு ஏற்ப ஸ்கோப்பை நிறுத்த வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒருவர் அளவுகோலை வைத்துப் புருவத்துக்கும் வளையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து சொன்னால் இன்னும் நல்லது. மூன்று அங்குலத்துக்குக் கீழே வந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஆகாது. பிறகு திருகுகளை அளவான விசையில் இறுக்கி, இலக்கில் மறுபடி சரிபார்க்க வேண்டும். நண்பருடைய துப்பாக்கி என்பதால், இதைச் செய்ய அவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஸ்கோப்பின் பின்விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையத்தைப் பலர் வாங்குகிறார்கள். கிழிசலைச் சிராய்ப்பாகக் குறைக்கும், அவ்வளவுதான். அது இடைவெளியையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. குழல் முனையில் பொருத்தும் மசில் பிரேக் உதைப்பை உண்மையிலேயே நன்றாகக் குறைக்கிறது. விலையாகச் சத்தத்தைக் கூட்டுகிறது. பக்கத்து மேசையில் இருப்பவர் உங்களைச் சபிப்பார், காதுக்குள் செருகும் அடைப்பானும் மேலே மூடியும் இரண்டுமே வேண்டும். என்னிடம் கேட்டால், பிரேக் வாங்குவதற்குப் பதிலாக, உதைப்பு குறைந்த தோட்டாவுக்கான வேறொரு ரைஃபிளுக்கு மாறுங்கள் என்பேன். நியாயமான தூரத்தில் எல்க்கை வீழ்த்த .308-ஓ .30-06-ஓ போதும், எத்தனையோ பேர் அதைக் கொண்டுதான் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியிருக்கிறார்கள். மேக்னத்தைக் கண்டு மிரண்டு சுடுகிறவரைவிட, .308-ஐக் கண்டு மிரளாதவரின் குண்டு சரியான இடத்தில் விழும்.

மிரட்சி என்று சொன்னேன் அல்லவா, புருவக் காயம் ஆறிய பிறகும் மிஞ்சுவது அதுதான். அடுத்த முறை விசையில் விரல் வைத்ததும் கண் தானாக மூடும், தோள் முன்னால் துள்ளும், தலை பின்வாங்கும். தலை பின்வாங்கினால் கன்னப் பிடி போகும். பிடி போனால் மறுபடி இடி. எனவே காயம் முழுதாக ஆறும் வரை ஸ்கோப்பை முகத்துக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், ஆறிய பிறகு .22-இலிருந்து தொடங்குங்கள். பிறகு நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை பயிற்சிக்கான போலித் தோட்டாவையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசையை அழுத்தும்போது குழல்முனை துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் மிரட்சி இன்னும் இருக்கிறது. பெரிய துப்பாக்கியில் ஓர் அமர்வுக்குப் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் சுட வேண்டாம். பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. சாதாரணக் கண்ணாடி அணிபவர்களுக்கு இடி சில நேரம் மூக்குத்தண்டில் இறங்குகிறது, வில்லை உடைந்தால் கதையே வேறு.

அக்டோபரில் போகலாமா என்ற கேள்விக்கு: காயம் மூடி, பார்வையில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லி, உங்கள் அளவுக்குப் பொருத்திய துப்பாக்கியில் மிரளாமல் சுட முடிந்தால் போகலாம். ஆனால் மலையில் ஒரு சூழலுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராகுங்கள். எல்க் உங்களுக்கு மேலே, செங்குத்தான சரிவில் நிற்கும். நீங்கள் கீழே உட்கார்ந்து துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்குவீர்கள். அப்போது கட்டை தோள்குழியைவிட்டுக் கீழே நழுவும், முகம் ஸ்கோப்பை நெருங்கும், அவசரத்தில் இரண்டையும் கவனிக்க மாட்டீர்கள். சமதளத்தில் சரியாக இருந்தவர்கள் புருவத்தைக் கிழித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போவதற்கு முன் ஒரு சரிவில் காலித் துப்பாக்கியோடு உட்கார்ந்து, மேல்நோக்கிக் குறிபார்த்து, அந்த நிலையில் உங்கள் புருவத்துக்கும் வளையத்துக்கும் எத்தனை விரல் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மூன்று விரல்கூட நுழையவில்லை என்றால் அங்கிருந்து சுடாதீர்கள்; எழுந்து, பக்கவாட்டில் நடந்து, வேறு இடம் தேடுங்கள்.